பனிக்கட்டியும் கண்ணீரும் கண்ட மாளிகை

சென்னைக் கடற்கரைச் சாலையில், வட்ட முகப்புடைய பழைய மாளிகை ஒன்று உண்டு. பெயர் விவேகானந்தர் இல்லம். மக்கள் வழக்கில் 'ஐஸ் ஹவுஸ்'. 1842-ஆம் ஆண்டு, அமெரிக்க வணிகர் பிரடெரிக் டியூடர், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க அதனை எழுப்பினார். பனிக்கட்டியை இங்கேயே இயந்திரத்தால் உண்டாக்கியதும் அவ்வணிகம் கரைந்தது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கிக் குடியேறினார். ஏழை மாணவர்க்கும் இடமளித்தார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். 1906-இல் மாளிகை ஏலம் போயிற்று. 1917-இல் அரசு வாங்கியது.

அதன்பின்பே அம்மாளிகையின் பொற்காலம் என்பேன். சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதி அங்கே குடிபுகுந்தது. இவரும் சிறுமியாகவே கைம்பெண்ணானவர். எழும்பூர் பிரசென்டேஷன் கன்னியர் பள்ளியில் பயின்று, அவர்களது தொண்டால் உள்ளம் கவரப்பட்டவர். மொட்டையடித்து மூலையில் அமர்த்தப்பட்ட பெண்பிள்ளைகள் அவ்விடுதியில் கல்வி கற்று ஆசிரியைகளாயினர்.

பத்திரத்தில் பெயர் எழுதியவர்கள் மறைந்தனர். அடைக்கலம் தந்த புகழே நிலைத்தது. பின்னலாடை வேலை தேடித் திருப்பூருக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடும் நம் குடும்பங்களே, உங்கள் வீடு அவர்களுக்கு வெறும் கூரையா, அடைக்கலமா?