கோவில் மரமும் சாராய அடுப்பும்

1975-இல் ராலேகான் சித்திக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சாராய வாடைதான். மகாராஷ்டிரத்தின் அன்றைய அகமதுநகர் மாவட்டத்து ஊர். ஆண்டுக்கு 400 முதல் 500 மில்லிமீட்டர் மழை பெய்தால் உண்டு. அதுவும் மொட்டைக் குன்றுகளில் இறங்கி, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஊரைத் தாண்டி ஓடிவிடும். பாசனம் கண்ட நிலம் 70 ஏக்கர் அளவே. விளைச்சல் இல்லாத ஊரில் கள்ளச்சாராயமே தொழிலானது. 30-க்கும் மேற்பட்ட இடங்களில் காய்ச்சினார்கள். விறகுக்கு யாதவ்பாபா கோவிலின் மரச்சட்டங்களையே பெயர்த்தார்கள். சாமி வீட்டு மரத்தைச் சாராய அடுப்பில் வைக்கும் அளவுக்கு அந்த ஊர் நொந்து கிடந்தது.

அந்த ஆண்டுதான் கிசன் பாபுராவ் ஹசாரே பட்டாளத்திலிருந்து திரும்பினார். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1965 பாகிஸ்தான் போரில் கேம்கரண் பகுதியில் உடனிருந்தவர்கள் மடிய, இவர் பிழைத்தார். மிச்சமிருக்கும் உயிர் ஊருக்கென்று முடிவுசெய்து திருமணத்தையும் தவிர்த்தார். தன் சேமநல நிதிப் பணத்தைப் போட்டு அவர் முதலில் எடுத்துக் கட்டியது அந்தக் கோவிலைத்தான். சொந்தக் காசைக் கொட்டுகிறவன் பேச்சை ஊர் நின்று கேட்டது. பிறகு பல ஆண்டுகள் கோவிலை ஒட்டிய அறையே அவருக்கு வீடு.

அடுத்தது தண்ணீர். தண்ணீரை ஊரே பகிரும் ‘பானி பஞ்சாயத்து’ முறையைத் தொடங்கிய விலாஸ்ராவ் சாளுங்கேயின் வழியைப் பின்பற்றி, குன்றுச் சரிவில் குறுக்கு வரப்புகள், ஓடைகளில் தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள் என்று ஊரே சிரமதானத்தில் மண் சுமந்தது. அரசுத் திட்டங்களும் கைகொடுத்தன. கிணறுகள் ஊறின, பாசன நிலம் 2,500 ஏக்கர் வரை விரிந்தது.

அணை கட்டிய ஊர்கள் நாட்டில் ஆயிரம் உண்டு. ராலேகானை வேறுபடுத்துவது தண்ணீர் வந்த பிறகு அது காட்டிய அடக்கம். கிணறு நிறைந்தால் கரும்பு வைப்பதுதான் அந்தப் பக்கத்து ஆசை. இங்கே அதற்குத் தடை விழுந்தது; பயறும் எண்ணெய் வித்தும் விதைத்தார்கள். மரம் வெட்டவும், குன்றில் மாட்டை அவிழ்த்துவிடவும் கூடாது என்று ஊர் கூடித் தீர்மானித்தது. சாராய அடுப்புகள் அணைந்தன. பஞ்ச காலத்துக்கென்று தானிய வங்கி வந்தது. பரீட்சையில் தவறிய பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பள்ளிதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அடங்காத குடிகாரர்களைக் கம்பத்தில் கட்டி, பட்டாளத்து பெல்ட்டால் அடித்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஊர் திருந்தியது என்பதற்காக அந்த அடி நியாயமாகிவிடாது.

2011-இல் ஊழலுக்கு எதிரான டெல்லி உண்ணாவிரதத்தால் அவரது அண்ணா ஹசாரே என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அந்த அரசியலில் எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் பத்மஸ்ரீயும் பத்மபூஷணும் 1990, 1992-ஆம் ஆண்டுகளிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டன. அவை ராலேகானின் மண்வேலைக்குக் கிடைத்தவை.

அதே மாவட்டத்து ஹிவரே பஜாரும் ராலேகானைப் பார்த்து அதே கட்டுப்பாடுகளை ஏற்றுத் தழைத்தது. அந்த ஊரை நடத்திச் சென்ற போபட்ராவ் பவார் பட்டாளத்துக்காரர் அல்லர். படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்.