சூரைச்செடியின் நிழலில் ஓர் உறக்கம்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் வேளாண்மை செய்பவர்களுக்குப் பின்னிரவு என்பது காவல் நேரம். மலையடிவாரக் காட்டிலிருந்து இறங்கும் யானைகள் வாழைத் தோட்டத்தில் புகுந்துவிட்டால், ஓராண்டு உழைப்பு ஓரிரவில் முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு என் தோட்டத்திலும் அது நிகழ்ந்தது. குலை தள்ளியிருந்த வாழைகள் சாய்ந்து கிடந்த காட்சியைக்கூட மறந்துவிட்டேன். அதன் பிறகு வந்த எண்ணங்களைத்தான் மறக்க இயலவில்லை. நள்ளிரவு கடந்து மூன்று மணிக்கு விழிப்பு வரும். 'நீ கைவைத்த எதுவும் விளங்கியதில்லை' என்று உள்ளே ஒரு குரல் தொடங்கும். யானை ஒருமுறைதான் வந்தது. அந்தக் குரல் நாள்தோறும் வந்தது.

நான் கிறிஸ்தவன். நலம் விரும்பிகள் பலர், 'விசுவாசம் இருந்தால் இத்தகைய எண்ணங்கள் வராதே' என்றார்கள். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அது இன்னொரு சுமையை ஏற்றியது. அதுவரை தோட்டத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டவன், அதன்பின் என் விசுவாசத்தைப் பற்றியும் கவலைப்படத் தொடங்கினேன். அந்தச் சொல் உண்மைதானா என்று பார்க்கத்தான் வேதாகமத்தையும் பழைய நூல்களையும் மீண்டும் எடுத்தேன். எதிர்மறை எண்ணம் வராது என்று அவை எங்கும் உறுதி கூறவில்லை என்பதே நான் முதலில் கண்டது.

எலியா தீர்க்கதரிசியின் கதை பலரும் அறிந்தது. கர்மேல் மலையில் பெரும் வெற்றி பெற்றவர், யேசபேல் அரசியின் மிரட்டலைக் கேட்டதும் பாலைவனத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் மன்றாடுகிறார். அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை, யாரும் உபதேசம் செய்யவுமில்லை. அவர் உறங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தருகிறான். உண்டுவிட்டு மீண்டும் உறங்குகிறார், மீண்டும் உணவு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகே உரையாடல் நிகழ்கிறது. 'நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன்' என்று அவர் முறையிடுகிறார். பாகாலுக்கு மண்டியிடாத 7,000 பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த பதிலின் ஒரு பகுதி. செய்வதற்கு மூன்று வேலைகளும் தரப்படுகின்றன.

இந்த வரிசைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. முதலில் உறக்கம், உணவு, பிறகு நடை, அதற்கும் பிறகே எண்ணத்தில் உள்ள பிழையைத் திருத்துவது. மனச்சோர்வு உலகை மிகைப்படுத்திக் காட்டும். 'எல்லாம்', 'ஒன்றுமே', 'எப்போதும்' என்பவையே அதன் சொற்கள். அவற்றுக்கு எதிராக வைக்கப்படுவது ஓர் எண்ணிக்கை. என் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேதாகமம் படித்தவரல்லர். ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி மலை ஏறுபவர். அவர் ஒரு காலையில் வந்து, "ஏனுங்க, நின்ன மரத்தை எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். சாய்ந்தவற்றை மட்டுமே நான் எண்ணியிருந்தேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகைப்படுத்தினார். பிற்காலத்தில் மேற்குலகில் ஏழு பெரும் பாவங்கள் என்று பெயர்பெற்ற பட்டியலுக்கு இதுவே மூலம். அவற்றுள் ஒன்று நண்பகல் சோர்வு: பொழுது நகராததுபோல் தோன்றும், இருக்கும் இடமும் செய்யும் வேலையும் வெறுத்துப்போகும். எண்ணம் தோன்றுவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதா என்பதே நம் கையில் இருக்கிறது என்றார் அவர். ஒவ்வோர் எண்ணத்துக்கும் எதிராகச் சொல்ல வேண்டிய வேத வசனங்களை, ஏறத்தாழ 500 பதில்களாகத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். மனத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி மறுபாதியைத் தேற்றட்டும் என்பது அவர் தரும் இன்னொரு வழி.

இதற்கு அவர் 42ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்கிறார். அங்கே பாடுபவர் தம் ஆன்மாவைப் பார்த்து, ஏன் இப்படித் தளர்ந்திருக்கிறாய் என்று கேட்கிறார். அடுத்த சங்கீதத்தையும் சேர்த்தால் அந்தக் கேள்வி மூன்று முறை வருகிறது. முதல் பதிலிலேயே சோர்வு அகன்றிருந்தால் மும்முறை கேட்க வேண்டியிருந்திராது. எண்ணம் உண்மையல்ல, அதை நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பதை 1960களில் ஆரன் பெக் அறிவாற்றல் சிகிச்சையாக வடித்தார். பாலைவனத் துறவிகளும் அவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று நான் கூறமாட்டேன். துறவிக்கு அது கடவுளோடு கூடிய உரையாடல். ஆனால் எண்ணத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இருவருக்கும் பொது.

ஜான் பனியன் தம் வாழ்க்கைக் குறிப்பில் (1666) எழுதியிருப்பது இன்னும் கசப்பானது. தம் ஆண்டவரையே விற்றுவிடு என்ற எண்ணம் உண்ணும்போதும் வேலை செய்யும்போதும் விடாமல் துரத்தியதாக அவர் சொல்கிறார். எதிர்க்க எதிர்க்க அது வலுத்தது. அவரே பின்னர் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' (1678) நூலைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பனியனின் கதையில் பயணி, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபடுகிறான். உயிரை மாய்த்துக்கொள் என்று அரக்கனே அறிவுறுத்துகிறான். அந்தச் சிறையைத் திறக்கும் வாக்குறுதி என்ற சாவி, பயணியின் மடியிலேயே முதலிலிருந்து இருக்கிறது. பிரசங்கங்களில் இந்தச் சாவியைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். சாவி நினைவுக்கு வரும்வரை அவனை உயிரோடு வைத்திருந்தது உடனிருந்த தோழன்தான் என்பதைக் குறைவாகவே சொல்கிறார்கள். அந்தத் தோழன் பெரிய தத்துவம் பேசவில்லை. அரக்கன் ஒருநாள் கதவைப் பூட்ட மறக்கலாமே என்கிறான், அவ்வளவுதான்.

எங்கள் பகுதியிலுள்ள காருண்யா நகர் எழக் காரணமான டி.ஜி.எஸ். தினகரனும், இளமையில் உயிரைவிடத் துணிந்து சென்றபோது எதிர்ப்பட்ட உறவினர் ஒருவரின் பேச்சே தம்மைத் திருப்பியதாகச் சாட்சி கூறிவந்தார். அங்கேயும் முதலில் வந்தது ஒரு மனிதர்.

இந்த வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், ஜெபம் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மனநல மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஒரு மாதத்துக்குள் அவர் குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பதை எவரும் விசுவாசக் குறைவு என்பதில்லை. மனத்துக்கு மட்டும் ஏன் வேறு நீதி? தூதன் அப்பத்தைக் கொண்டுவந்தான் என்பதை மறந்துவிட்டு, அவன் கொண்டுவராத உபதேசத்தை நாம் சேர்த்துக்கொள்கிறோம். 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது; அதையும் தொகுப்பிலிருந்து எவரும் நீக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு விலகவில்லை என்றாலோ, சாவைப் பற்றிய எண்ணம் எழுந்தாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். நான் குறிப்பிட்ட அந்த மனிதர் இப்போது மாத்திரையும் உண்கிறார், ஞாயிறுதோறும் ஆராதனைக்கும் வருகிறார். முடிந்ததும் ஆலயத்து வேப்பமரத்தடியில் சற்று நேரம் அவரோடு அமர்ந்திருப்பேன். பெரும்பாலும் வாழைக்காய் விலையைப் பற்றித்தான் பேசுவோம்.