நின்றால் அணைந்துபோகும் பழைய கார்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நம்மில் பலர் இருந்த காரையே உருட்டிப் பழகிவிட்டோம். இரண்டு, மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கார்களில் அடிக்கடி வரும் முறைப்பாடு, சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்குகிறது, சில நேரம் அணைந்தே போகிறது என்பதுதான்.

என் கொரோலா 110இலும் இதே கதைதான். ஒரு கராஜில் பெற்றோல் பம்ப் பழுது என்றார்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கிக் கொடுத்தேன், மாற்றினார்கள். மறுநாள் மருதானையில் மறுபடியும் நின்றது. பின்னால் பஸ்காரரின் ஹோர்ன் வேறு! பிறகு வயதான பாஸ் ஒருவரிடம் போனேன். அவர் பொனட்டைத் திறக்க முன்னர் ஒரு கேள்வி கேட்டார்: "கடுகண்ணாவ ஏற்றத்தில் இழுவை குறைகிறதா?"

இல்லை என்றேன். "அப்ப பம்ப் இல்ல ஹாஜியார்" என்றார்.

காரணம் எளிது. பம்ப் பலவீனமானால் பெற்றோல் அதிகம் தேவைப்படும் ஏற்றத்தில்தான் முதலில் தெரியும். நிற்கும்போது எஞ்சினுக்குத் தேவையான பெற்றோல் மிகக் கொஞ்சம். ஆனால் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் த்ரோட்டிலின் தகடு மூடிக்கொள்ளும். எஞ்சின் ஒரு சின்ன வழியால்தான் மூச்சு விடும். அந்த வழியில் கரி படிந்தால் 700, 800 சுற்றில் நிற்க வேண்டிய எஞ்சின் தடுமாறும். ஏசி போட்டதும் இன்னும் விழுந்தால் சந்தேகம் உறுதி. என் காரில் துணியும் கிளீனரும்தான் செலவு.

எல்லாக் கார்களிலும் இதுவே நோய் என்று எண்ண வேண்டாம். ஓடினாலும் நின்றாலும் ஒரே சீராக நடுங்கினால் பிளக், பிளக் வயர் பக்கம் பாருங்கள். பாஸ் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பிளக் நன்றாயிருந்தும் அப்படியென்றால் கொம்பிரஷன் பார்க்க வேண்டும். 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் வெடித்த ரப்பர் குழாயைத் தேடுங்கள். சூடான பிறகு கரும்புகை விட்டு அணைந்தால் வெப்பநிலை சென்சர் எஞ்சின் குளிராக இருப்பதாகப் பொய் சொல்லக்கூடும்.

கடையில் கணக்கு உதைத்தால் நாம் கல்லாப்பெட்டியை மாற்றுவதில்லை, எந்தச் சிட்டையில் பிழை என்றுதான் பார்க்கிறோம். காரிலும் எப்போது நிற்கிறது, சூட்டிலா குளிரிலா, ஏசியுடனா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். ஓட்டத்தில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு இறுகிவிடும்.

கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பாஸ் அதைப் பற்றரியில் கொடுத்துப் பார்த்தார். நன்றாகவே ஓடியது.