போன் மணிக்கு வயிறு கலங்குகிறவர்கள் வேலை தேடும்போது

தெரிந்த பெண் ஒருத்தி, பி.காம். முடித்ததும் கடன் வசூலிக்கும் கால் சென்டர் ஒன்றில் சேர்ந்தாள். ஹெட்போனை மாட்டும்போதே உள்ளங்கை வியர்க்கும். டீம் லீடர் பின்னால் வந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான்காம் மாதம் விட்டுவிட்டாள். "எனக்கு எந்த வேலையும் ஒத்துவராதுண்ணா" என்றாள். இப்போது ஒரு ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறாள். அங்கேயும் போன் அடிக்கிறது, எடுக்கிறாள். எத்தனை கால் என்று எண்ணத்தான் ஆளில்லை.

பதற்றக் கோளாறு உள்ளவர்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான்: உங்களை ஆட்டுவது டார்கெட்டா, இரவு ஷிஃப்டா, நிச்சயமில்லாத சம்பளமா? இன்டர்வியூவிலேயே இவற்றைக் கேட்டுவிடலாம், தப்பில்லை. ஆள் முகமே பார்க்காத வேலைதான் வேண்டும் என்று ஒதுங்குவது மட்டும் ஆபத்து. ஒதுங்க ஒதுங்க இன்றைக்கு நிம்மதி, நாளைக்குப் பயம் இன்னும் கொழுக்கும். சிகிச்சையில் பயந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பழக்குவது அதனால்தான்.

மாத்திரை சாப்பிடுவதை கம்பெனிக்குத் தானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா? அவசியமில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிராபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றி மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். பின்னால் அதையே காரணம் காட்டுவார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. மத்திய அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீத ஊனச் சான்று வேண்டும். பதற்றம் மட்டும் உள்ள பலருக்கு அது கிடைப்பது கடினம். வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கரை நம்ப வேண்டாம். அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால், அதற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டாக வேண்டும். எச்.ஆரிடம் அதைக் கேளுங்கள். பெரும்பாலும் முழிப்பார்கள், பரவாயில்லை. பாகுபாடு நடந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

ராஜினாமா எழுதக் கை போகும் நாளில், முதலில் 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மறுநாள் டாக்டர் கடிதத்தோடு ஷிஃப்ட் மாற்றம் கேளுங்கள், வாய்மொழியாக அல்ல, மெயிலில். அதில் தேதி இருக்கும்.