தைக்கும் எறும்பும் குழி தோண்டும் யானையும்

போன விடுமுறையில் திருமூர்த்திமலைக்குப் போயிருந்தோம். அடிவாரத்து மரமொன்றில் பந்து மாதிரி ஓர் இலைக்கூடு. "அம்மா, இதை யாரு தைச்சாங்க?" என்றாள் மகள். பனியன் ஊரில் பிறந்தவள் வேறெப்படிக் கேட்பாள்!

தைத்தது முசுறு எறும்புகள். ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, இலைகளை இழுத்துச் சேர்க்குமாம். வளர்ந்த எறும்பிடம் நூல் கிடையாது. தன் கூட்டுப் புழுவை வாயில் பிடித்து, இலை விளிம்புகளை மாறி மாறித் தொடும். புழுவின் வாயில் வரும் பட்டிழைதான் தையல். நம் ஓவர்லாக் மெஷின் தோற்றது போங்கள்!

பாறையடிப் புழுதியில் புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள். "குழியானை, கண்ணு" என்றார் அத்தை. இது தனி ஆள். அடியில் புதைந்து காத்திருக்கும். எறும்பு சறுக்கினால் மண்ணை வாரியடித்து வீழ்த்தி, சாற்றை உறிஞ்சிவிடும். இதுவும் பட்டு நூற்கும், ஆனால் பின்புறத்தால்! மணலும் பட்டும் சேர்ந்த கூட்டிலிருந்து தும்பி போன்ற சிறகுப் பூச்சியாக வெளிவரும்.

அதற்குள் மகள் இலைக்கூட்டைத் தொட்டுவிட்டாள். ஒரே அலறல்! முசுறு கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். எறும்புகளைத் தட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்தேன், மெல்ல அடங்கியது. சகோதரிகளே, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீட்டு மாமரத்து முசுறுகளுக்கு மருந்தடிக்க இருந்தேன். இலை தின்னும் புழு, வண்டுகளைப் பிடித்து மரத்தைக் காப்பவை அவை என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். குழந்தையை மட்டும் அந்தக் கிளையடியில் விடுவதில்லை.