'ரூட்டு தல' மோதல்: பள்ளியிலேயே தடுக்க முடியுமா?

அண்ணனூரில் ஏறி வேலைக்குப் போறவங்களுக்குப் பழகிய சத்தம்தான் அது. ரயில் பெட்டியைத் தட்டி, கல்லூரி பெயரைச் சொல்லி கோஷம். ஜாலிதானேன்னு கடந்து போயிடுவோம். ஆனால் 2024 அக்டோபரில், சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள்.

யார் இந்த 'ரூட்டு தல'?

ஒரே தடத்தில் பேருந்திலோ ரயிலிலோ வரும் மாணவர்களின் 'தலைவர்'. 'நம்ம ரூட்டு கெத்து' என்பதில்தான் பகை தொடங்குகிறது.

சட்டம் போதாதா?

நாவரசு கொலைக்குப் பிறகு, 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டம் பெரும்பாலும் சம்பவத்துக்குப் பிறகுதான் வருகிறது.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

2022-ல் சென்னை காவல்துறை 'சிற்பி' திட்டத்தைத் தொடங்கியது. 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒழுக்கம், போதை, பாதுகாப்பு பற்றிய வகுப்புகள். ஏன் எட்டாம் வகுப்பு? 'கெத்து' என்றால் என்னன்னு பசங்க முடிவு பண்ணும் வயசு அது.

நாங்குநேரி சம்பவத்தை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 அறிக்கையில் சாதிக் கயிறுகளுக்குத் தடையும் பள்ளி நல அலுவலர்களும் வேண்டும் என்றது.

நாம என்ன செய்யலாம்?

ரயிலில் தகராறா? நடுவில் பாயாதீங்க, 139-க்கு அழைங்க. குழந்தைகளுக்கு 1098. ராகிங் புகாருக்கு 1800-180-5522.

முக்கியமா, வீடியோ எடுத்து 'மாஸ்' பாட்டு போட்டு பகிராதீங்க. பார்க்க ஆளில்லாத கெத்துக்கு மவுசு இல்லை.