நெருக்கடி நாட்கள் – 9: கல்வராயனுக்கு அரசியல் சட்டம் வந்த வருஷம்

1962-இல் சீனப் போர் மூண்டதும் அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினரை ரயிலேற்றி, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். சுமார் 3,000 பேர். குழந்தைகள், கிழவர்கள், இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. சிலர் வெளியே வர 1967 ஆயிற்று.

அடுத்த போர் 1971-இல். டிசம்பர் 3-ஆம் தேதி அறிவித்த நெருக்கடி நிலையை, போர் இரண்டே வாரத்தில் முடிந்த பிறகும் 1977 மார்ச் வரை அரசு விலக்கிக்கொள்ளவில்லை. அது நடப்பில் இருக்கும்போதே, 1975 ஜூன் 25 அன்று உள்நாட்டு நெருக்கடி நிலையும் வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான மிசாவில் பிடிபட்டவர், தன்னை ஏன் அடைத்தார்கள் என்று கேட்டு நீதிமன்றப் படியேற முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார்.

கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலை, பரம்பரை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்ததும் அதே 1976-இல்தான். அதுவரை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று பரம்பரைகள் மலையைப் பங்கிட்டு ஆண்டன. உழுதவர் ஏர்க் கணக்கிலும் கொத்துக் கணக்கிலும் வரி கட்டினார். காடு திருத்தியவருக்குப் பட்டா கிடையாது. கூப்பிட்டால் கூலியில்லாமல் வேலைக்குப் போக வேண்டும். கட்டாய உழைப்பைத் தடைசெய்யும், அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு 1950-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு வந்த அந்தச் சட்டம், மலையேற இருபத்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வந்து சேர்ந்தபோதோ, நாடு முழுவதும் அடிப்படை உரிமைகள் முடங்கிக் கிடந்தன.

தேவ்லியில் உரிமையைப் பறிக்க ஓர் உத்தரவு தேவைப்பட்டது. உத்தரவு இருந்ததால்தான் இன்று அதை எதிர்த்துப் பேசவும், மன்னிப்புக் கேள் என்று வற்புறுத்தவும் முடிகிறது. கல்வராயனில் உத்தரவே தேவைப்படவில்லை. யாரும் கவனிக்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கு நேர்ந்ததையும் உரிமை மீறல் என்றே நாம் எழுதிவைக்க வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, ரேஷன் என அங்கே கேட்கப்பட்டவை எல்லாம் அடிப்படைத் தேவைகள். பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கிவரும் குடும்பத்துக்கு, வாழும் உரிமை என்பது அந்தச் சாலைதான்.

போர் வந்தாலும் வாழும் உரிமையை முடக்கக் கூடாது என்று 1978-இல் 44-ஆவது திருத்தம் எழுதிவைத்தது. ஏட்டில் அது பெரிய வெற்றி. கல்வராயனில் அது மெய்யாக வேண்டுமானால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சேர வேண்டிய பட்டாக்களைத் தாமதமின்றிக் கொடுத்தாக வேண்டும்.

அடுத்த வாரம்: சென்னை மத்திய சிறையின் மிசா கைதிகளும் இஸ்மாயில் கமிஷனும்.

(தொடரும்)